தேதி இல்லாத எபிரேயச் சுவடி: எந்தச் சோதனையை எப்போது தேர்வது?

எழுதி முடித்த ஆண்டைத் தானே சொல்லும் எபிரேயச் சுவடிகள், 1540 வரையிலான காலத்துக்கு, 3,000க்குச் சற்று மேல்தான் தேறும். மற்றவை எல்லாம் தேதி இல்லாதவை. எந்தப் புத்தகத்திலும் முதலில் சிதைவது முதல் ஏடும் கடைசி ஏடும். ஆண்டை எழுதும் வழக்கமோ கடைசி ஏட்டில். ஆகவே பட்டியல் தயாரிக்கும் நூலகரும், ஒரு பாடத்தின் பிரதிகளை ஒப்பிடும் மாணவரும், ஏலத்துக்கு வந்த ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும் அருங்காட்சியகமும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். இதற்கு வயது சொல்ல எந்த வழியில் போவது? பணத்தையும் நேரத்தையும் எதில் போடுவது?

முக்கிய வழிகள் ஐந்து. ஒவ்வொன்றும் அளப்பது வெவ்வேறு நிகழ்வை. முடிவுக்குறிப்பு, அதாவது எழுத்தர் நூலின் கடைசியில் எழுதும் குறிப்பு, தருவது, எழுதியவர் சொல்லிக்கொள்ளும் நாள். எழுத்தமைதி காட்டுவது, அவர் கை பழகிய ஊர். மடிப்பும் கோடும் துளையும் சேர்ந்த கட்டுமானம் காட்டுவது, புத்தகம் உருவான ஊர். ஒளியில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறி காட்டுவது, தாள் வார்த்த ஆண்டு. கார்பன்-14 காட்டுவது, தோலுக்குரிய ஆடு செத்த ஆண்டு. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாக நினைப்பதால்தான் பல பட்டியல்களில் ஒரே சுவடிக்கு இருநூறு ஆண்டு வித்தியாசத்தில் இரண்டு தேதிகள் கிடக்கின்றன.

எங்கள் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். முடிவுக்குறிப்பு இல்லாத தாள் சுவடி என்றால் நீர்க்குறிதான் முதல் வேலை. தோல் சுவடி என்றால் கட்டுமானமும் எழுத்தமைதியும், அதே வரிசையில். கார்பன்-14, கையில் இருக்கும் இரண்டு விடைகளுக்கு நடுவே குறைந்தது ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி இருந்தால் மட்டும். அதற்குக் குறைந்த இடைவெளியில் ஆய்வகத்துக்குத் துண்டு அனுப்புவது பணத்தையும் தோலையும் வீணாக்கும் வேலை.

முடிவுக்குறிப்பு இருந்தால்

வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். அதைச் சோதிக்காமல் நகரக்கூடாது.

ஆண்டுக்கணக்கு ஒன்றல்ல. ஐரோப்பாவில் உலகத் தோற்ற ஆண்டு பெருவழக்கு. கீழை நாடுகளிலும் (எகிப்து முதல் பாரசீகம் வரை) யேமனிலும் பத்திரங்களுக்குரிய செலூக்கிய ஆண்டு. சில இடங்களில் எருசலேம் கோயில் அழிந்த ஆண்டிலிருந்து எண்ணுவார்கள். உலகத் தோற்ற ஆண்டிலிருந்து 3760 கழித்தால் பொது ஆண்டு கிடைக்கும். எபிரேய ஆண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால், திஷ்ரி மாதம் முதல் டிசம்பர் முடிய உள்ள நாள்களுக்கு 3761 கழிக்க வேண்டும். செலூக்கிய ஆண்டுக்கு 311, 312. ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதும் 'சிறு கணக்கு' என்றால் 1240 கூட்டினால் போதும்: 108 என்றிருந்தால் 5108, அதாவது 1347 செப்டம்பர் முதல் 1348 ஆகஸ்ட் இறுதி வரை. மாதம் தெரியாவிட்டால் '1347/48' என்று இரண்டையும் எழுதுங்கள். ஒரே ஆண்டாகச் சுருக்கினால், பின்னால் வருபவருக்கு நீங்கள் மாதத்தைப் பார்த்தீர்களா இல்லையா என்பதே தெரியாமல் போகும்.

சில எழுத்தர்கள் ஆண்டை எண்ணாக எழுதாமல் வேத வசனம் ஒன்றுக்குள் ஒளித்துவைப்பார்கள். எந்த எழுத்துகளின் தலையில் புள்ளி இருக்கிறதோ அவற்றின் எண்மதிப்பைக் கூட்டினால் ஆண்டு. புள்ளி ஒன்று உதிர்ந்திருந்தால் ஐம்பது, நூறு ஆண்டு காணாமல் போகும். புகைப்படத்தில் இதைக் கூட்டாதீர்கள். ஏட்டையே சாய்ந்த ஒளியில் பார்த்துக் கூட்டுங்கள்.

கிழமைச் சோதனைக்குக் காசு செலவில்லை. கணித்து அமைத்த எபிரேய நாட்காட்டியில் திஷ்ரி முதல் நாள் ஞாயிறு, புதன், வெள்ளியில் வராது. நிசான் முதல் நாள் திங்கள், புதன், வெள்ளியில் வராது. 'நிசான் 1, புதன்கிழமை' என்று ஒரு குறிப்பு சொன்னால் எழுத்தர் தவறியிருக்கிறார், அல்லது நீங்கள் தவறாக வாசித்திருக்கிறீர்கள், அல்லது எழுதியவர் பிறை பார்த்து மாதம் தொடங்கும் கராயித் பிரிவைச் சேர்ந்தவர். அந்த வாரத்தில் தொழுகைக் கூடத்தில் வாசிக்கும் தோராப் (மோசேயின் ஐந்து நூல்கள்) பகுதியின் பெயரும் குறிப்பில் அடிக்கடி இருக்கும். கிழமை, நாள், பகுதி மூன்றும் பொருந்தினால் தேதி உறுதி.

ஒரே குறிப்பில் பல ஆண்டுக்கணக்கு இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்வார்கள். லெனின்கிராட் சுவடி என்று பெயர்பெற்ற முழு எபிரேய விவிலியத்தைப் பாருங்கள். சாமுவேல் பென் யாக்கோபு கெய்ரோவில் எழுதியது. குறிப்பில் ஐந்து கணக்குகள். செலூக்கிய 1319, செப்டம்பர் 1008 வாக்கில் முடிகிறது. ஹிஜ்ரி 399 அதே செப்டம்பரில் பிறக்கிறது. உலகத் தோற்ற ஆண்டு 4770ஐ வழக்கமான முறையில் கழித்தால் 1009–1010 வருகிறது. நூல்களில் 1008 என்றும் 1009 என்றும் மாறி மாறிக் காண்பதற்குக் காரணம் இதுதான். நல்ல எழுத்தர், பழுதில்லாத சுவடி. அப்போதும் ஓராண்டு இரண்டாண்டு இழுபறி.

பெரிய ஆபத்து வேறு. மூலப்பிரதியின் முடிவுக்குறிப்பையும் எழுத்தர் சேர்த்தே படியெடுத்துவிடுவது உண்டு. கெய்ரோ தீர்க்கதரிசிகள் சுவடியின் குறிப்பு, திபேரியாவில் மோசே பென் ஆஷேர் எழுதியது என்றும் கோயில் அழிந்த 827ஆம் ஆண்டு என்றும் சொல்கிறது. அது சுமார் 895. கட்டுமானமும் கார்பன் சோதனையும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்னால் தள்ளுகின்றன. அச்சு வந்த பிறகும் இதே கதைதான். தேதியிட்ட எபிரேய அச்சு நூல்கள் 1475இல் தொடங்குகின்றன. அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதியவர்கள் அச்சகத்தின் தேதியையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது வேண்டுமென்றே செய்யும் திருத்தம். ஆபிரகாம் ஃபிர்கோவிச் (1787–1874) சேர்த்த தொகுப்புகள் இன்று புனித பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்தில் உள்ளன. கீழை எபிரேயச் சுவடிகளுக்கு அவற்றைத் தவிர்த்து ஆய்வே இல்லை. ஆனால் அவர் கை பட்ட ஆண்டுக்குறிப்புகள் பல திருத்தப்பட்டவை என்று அறிஞர்கள் ஹார்க்கவியும் ஸ்ட்ராக்கும் அப்போதே காட்டிவிட்டார்கள். எபிரேய எண்ணெழுத்தில் திருத்துவது எளிது. ஐந்தைக் குறிக்கும் 'ஹே' எழுத்தின் இடக்காலைச் சுரண்டினால் நான்கைக் குறிக்கும் 'தாலெத்' கிடைக்கும். அது ஆயிரத்தின் இடத்தில் நின்றால் சுவடிக்கு ஒரே கணத்தில் ஆயிரம் வயது கூடும். ஆண்டு எழுத்துகள் இருக்கும் இடத்தைப் புற ஊதா விளக்கில் பாருங்கள். சுரண்டிய தோல் சுற்றியுள்ள பரப்பிலிருந்து வேறுபட்டு ஒளிரும். அழித்த மையின் சுவடும் பெரும்பாலும் தெரியும்.

கையா, கட்டுமானமா

தோல் சுவடியில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். அனுபவமுள்ளவர்கள் முதல் பார்வையிலேயே எழுத்தமைதியை வைத்துச் சொல்லிவிடுவார்கள்: 'செஃபாரதிக் கை, பதினான்காம் நூற்றாண்டு.' பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறும்போது ஊரும் சேர்ந்து தவறும்.

எபிரேய எழுத்தின் வட்டார வகைகள் கீழை, யேமன், பைசாந்தியம், இத்தாலி, செஃபாரதி (ஐபீரியா, அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும்), அஷ்கெனாசி (ஜெர்மனி, வட பிரான்ஸ்) என்பவை. ஒவ்வொன்றிலும் சதுரம், அரைவிரைவு, விரைவு என்று மூன்று தரம். முதலில் பார்க்க வேண்டியது பேனா. இஸ்லாமிய உலகிலும் ஐபீரியாவிலும் நாணல். கோடு எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே தடிமன். ஜெர்மனியிலும் வட பிரான்சிலும் இறகு; படுக்கைக் கோடு தடித்தும் நிலைக் கோடு மெலிந்தும் நிற்கும். வட்டாரம் இதிலேயே பாதி தெளிந்துவிடும். காலத்தைச் சொல்வதில் சதுர எழுத்து கஞ்சத்தனம் செய்யும். விவிலியத்துக்கும் வழிபாட்டு நூலுக்கும் உரிய எழுத்து என்பதால் மெதுவாகவே மாறியது; அதை மட்டும் வைத்து நூறு ஆண்டுக்குள் வருவதே நல்ல கணிப்பு. அரைவிரைவு எழுத்து வேகமாக மாறியது. ஐம்பது ஆண்டுக்குள் வரலாம். ஆகவே விவிலியச் சுவடியில் பாடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஓரத்தில் உரையோ உரிமையாளர் குறிப்போ அரைவிரைவில் இருந்தால் அங்கே போங்கள்.

ஒப்பிடும்போது நேரும் பிழைகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். சதுரத்தை அரைவிரைவோடு ஒப்பிடுவது. அளவுகோல் இல்லாத படங்களை அருகருகே வைப்பது. மங்கிய எழுத்தின் மேல் பிற்காலத்தில் ஒருவர் மறுபடி மை பூசியதைக் கவனிக்காமல் அந்தப் பூச்சின் வடிவத்தை அளப்பது. கீழைச் சுவடிகளில் இது சகஜம். இன்னொன்று, தேதியில்லாத சுவடியைத் தேதியில்லாத இன்னொரு சுவடியோடு ஒப்பிட்டு இரண்டுக்கும் வயது சொல்வது. ஒப்பீடு எப்போதும் தேதியுள்ளவற்றோடு இருக்க வேண்டும். மலாக்கி பெய்த்-அரியேயும் கொலெட் சிராவும் 1965இல் தொடங்கிய எபிரேயத் தொல்லெழுத்துத் திட்டம் இதற்காகவே தேதியுள்ள சுவடிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அளந்தது. அதன் தரவுத்தளமான ஸ்ஃபார்டேட்டா இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1540க்குப் பிற்பட்டதற்கு அதை நம்ப முடியாது. திட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது.

கட்டுமானத்துக்கு வருவோம். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு அளவுகோல், சாய்ந்த ஒளிக்கு ஒரு கைவிளக்கு போதும். முதலில் மடிப்புக்கட்டின் நடுவே தையல் நூலைத் தேடி, அங்கிருந்து இருபுறமும் ஏடுகளை எண்ணுங்கள். தோல் சுவடியில் கட்டுக்கு எட்டு ஏடு வழக்கமாக இருந்தால் செஃபாரதி, அஷ்கெனாசி அல்லது பைசாந்தியம், பாரசீகமும் எட்டுதான். பத்து ஏடு வழக்கமாக இருந்தால் இத்தாலி, அல்லது பாரசீகம் நீங்கிய கீழை நாடுகள். ஒரு கட்டை எண்ணி முடிவு செய்யாதீர்கள். நூலின் கடைசிக் கட்டு பாடத்தின் நீளத்துக்கேற்பக் கூடும், குறையும். குறைந்தது ஐந்தாறு கட்டுகளில் ஒரே எண் வர வேண்டும்.

அடுத்து தோல். மயிர்ப்பக்கம் மஞ்சளோடிக் கரும்புள்ளிகளுடன் இருக்கும், சதைப்பக்கம் வெளிறி வழவழப்பாக இருக்கும். பத்து மடங்கு கண்ணாடியில் பார்த்தும் எது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லையா? அதுவே ஒரு விடை. அஷ்கெனாசிப் பகுதியில் 13ஆம் நூற்றாண்டில் இரண்டு பக்கத்தையும் சுரண்டித் தேய்த்து ஒன்றாக்கும் முறை நிலைபெற்றது. இத்தாலியிலும் ஐபீரியாவிலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஈரம் பட்டு ஊறிய ஏட்டில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

பிறகு கோடும் துளையும். எழுத்தாணி போன்ற மழுங்கிய முனையால் அழுத்தி இழுத்த கோடு, ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். ஒரு முறை இழுத்தாலே இரு பக்கத்துக்கும் ஆகும். ஈயக்குச்சிக் கோட்டுக்கு அந்த வசதி இல்லை; ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக இழுக்க வேண்டும். அஷ்கெனாசி எழுத்தர்கள் 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஈயத்துக்கு மாறினார்கள். இப்படி ஏடு ஏடாகக் கோடிட வழிகாட்டியாக, வெளி ஓரத்தோடு உள் ஓரத்திலும் ஊசித்துளை குத்தினார்கள். உள் ஓரத் துளை அகப்பட்டால் அது வலுவான சாட்சி. வெளி ஓரத்தில் துளை இல்லை என்பது சாட்சியே அல்ல: பிற்காலத்தில் கட்டமைத்தவர் விளிம்பை நறுக்கும்போது துளைகள் அதோடு போய்விடும். துளையே இல்லாமல், எல்லா ஏட்டிலும் வரி இடைவெளி அச்சுப்போல ஒத்திருந்தால் மஸ்தரா என்னும் பலகையை நினையுங்கள். வரிக்கு வரி கயிறு கட்டிய அந்தப் பலகையின் மேல் தாளை வைத்து அழுத்துவார்கள். கீழை நாட்டுத் தாள் சுவடிகளில் இதைப் பரவலாகக் காணலாம்.

கையும் கட்டுமானமும் முரண்பட்டால்? அங்கேதான் உண்மையான தகவல் இருக்கிறது. யூத எழுத்தர்கள் ஊர் ஊராக விரட்டப்பட்டவர்கள். 1290இல் இங்கிலாந்திலிருந்து, 1306இல் பிரான்சிலிருந்து. ஐபீரியாவில் 1391 கலவரம், 1492 வெளியேற்றம். புதிய ஊருக்குப் போனவர் கை பழகிய எழுத்தை விடமாட்டார். தோலையும் தாளையும் உள்ளூரில்தான் வாங்குவார். மடிப்பதும் கோடிடுவதும் அநேகமாக உள்ளூர் வழக்கத்துக்கு மாறிவிடும். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் எழுதப்பட்ட எபிரேயச் சுவடிகளில் பெரும்பங்கு இப்படி வந்தேறியவர் கைவேலை. செஃபாரதி அரைவிரைவு எழுத்து, பத்து ஏட்டுத் தோல்கட்டு என்றால், இத்தாலிக்குக் குடிபெயர்ந்த ஐபீரியர் என்பதுதான் முதல் கருதுகோள். தேதி 1391க்குப் பின்னே நகர்கிறது. கையை மட்டும் பார்த்தவர் அதை 1350, ஸ்பெயின் என்று பட்டியலிட்டிருப்பார். கட்டுமானத்தை முதலில் வைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கட்டுமானத்துக்கும் எல்லை உண்டு. இடைக்கால எபிரேயச் சுவடிகளில் பாதியாவது, படித்தவர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்குத் தாங்களே எழுதிக்கொண்டவை. மடாலய எழுத்துக்கூடம் போன்ற நிறுவனம் எதுவும் மேற்பார்த்ததில்லை. தனியாள் தன் வசதிக்கு ஆறு ஏட்டுக்கட்டும் கட்டுவார், கோடே போடாமலும் எழுதுவார். ஒற்றைக்கூறு எதையும் நம்பாமல், மூன்று கூறுகளாவது ஒரே ஊரைச் சுட்டினால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தாள் சுவடிக்கு நீர்க்குறி

நீர்க்குறி இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விடக் கிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இத்தாலியில் 1282 வாக்கில் தொடங்கிய வழக்கம் இது. அராபியத் தாளில் கிடையாது. ஆகவே கீழைச் சுவடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வழி மூடியிருக்கிறது. அங்கே சங்கிலிக்கோடுகள் (தாள் வார்க்கும் சட்டத்தின் கம்பிகள் பதித்த கோடுகள்) இரண்டு மூன்றாகக் கூடி நிற்கின்றனவா, கோடே இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மேலைத் தாள் என்றால் எங்கே தேடுவது என்பது மடிப்பைப் பொறுத்தது. முழுத்தாளை ஒரு முறை மடித்த பெரிய அளவில் சங்கிலிக்கோடுகள் நிமிர்ந்தும் குறி ஓர் ஏட்டின் நடுவிலும் இருக்கும். இரண்டு முறை மடித்ததில் கோடுகள் படுத்திருக்கும். குறி மடிப்புக்குள், பாதி ஓர் ஏட்டிலும் பாதி இன்னோர் ஏட்டிலும் விழும். மூன்று முறை மடித்ததில் கோடு மறுபடி நிமிரும். குறி உள் ஓரத்தின் மேல்மூலையில் துண்டுதுண்டாக. எபிரேயச் சுவடிகள் பல இரண்டு முறை மடித்தவை என்பதால், குறி மடிப்புக்குள் மாட்டிக்கொண்டு ஆளைச் சோதிக்கும். மெல்லிய ஒளித்தகட்டை ஏட்டுக்குப் பின்னால் செருகிப் படமெடுங்கள். முதலில் எழுதாத ஏடுகள். எழுத்து மறைத்தால், மாசிக்காய் மை (இரும்பு உப்பு கலந்தது) அகச்சிவப்பில், சுமார் 1000 நானோமீட்டருக்கு மேல், மங்கிவிடும். பின்னொளியில் குறி மட்டும் தெளிவாக நிற்கும். கரி மை மறையாது.

பொருத்தம் பார்ப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 1907இல் வந்த பிரிக்கேயின் தொகுப்பில் 16,112 வரைபடங்கள். ஷ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தின் பிக்கார்டு தொகுப்பு இன்னும் பெரியது, இணையத்தில் பார்க்கலாம். இவற்றில் உங்கள் தாளில் உள்ள காளைத்தலைக் குறியைப் போல ஒரு காளைத்தலை எப்படியும் கிடைக்கும். 'போல' இருப்பது போதாது. குறியின் உயரம், அகலம், இருபுறச் சங்கிலிக்கோடுகளிலிருந்து அதன் தூரம் ஆகியவை ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒரு பட்டறை ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதால், ஒவ்வொரு குறிக்கும் ஏறக்குறைய ஒத்த ஓர் இரட்டை உண்டு. உங்கள் சுவடியில் இரட்டை இரண்டும் கிடைத்து, இரண்டுமே தேதியுள்ள ஓர் ஆவணத்தோடு பொருந்தினால், சாதாரண அளவுத் தாளுக்கு ஐந்தாறு ஆண்டுக்குள் வந்துவிட்டீர்கள். ஒத்த வகை மட்டும் என்றால் இருபது முப்பது ஆண்டு விட்டுவையுங்கள். பலவகைத் தாள் கலந்திருந்தால், கட்டு கட்டாகத் தொடர்ந்து வரும் தாள்களில் மிகப் பிந்தியதுதான் தேதி. எங்கோ ஒன்றிரண்டாக வருவது மிச்சம்மீதித் தாளாக இருக்கலாம்.

தாள் வார்த்த ஊரை எழுதிய ஊராக எடுத்துக்கொள்ளாதீர்கள். கெய்ரோ தொழுகைக் கூடத்தின் பழைய ஏடுகள் போட்டுவைக்கும் அறையான கெனிசாவில் கிடைத்த இந்திய வணிகக் கடிதங்கள் இதற்கு நல்ல பாடம். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தொழில் நடத்திய ஆபிரகாம் பென் இஜுவுக்கு ஏடனிலிருந்த நண்பர்கள் சரக்குகளோடு தாளையும் அன்பளிப்பாக அனுப்பினார்கள். இங்கே ஓலையும் எழுத்தாணியும்தான். அவர், வந்த கடிதங்களின் வெற்றிடத்தில் தன் கணக்கை எழுதிவைத்தார். தாளை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கை யாரும் மலபார்க் கரையில் வைக்கமாட்டார்கள்.

கார்பன்-14: எப்போது?

தோலுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வேண்டும். எழுதாத ஓரத்தில் அரை முதல் ஒரு சதுர சென்டிமீட்டர். பசை, பழுதுபார்த்த ஒட்டுத்துண்டு, கை பட்டு அழுக்கேறிய கீழ்மூலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்; விலங்குப் பசையும் தோலைப் போலவே கொலாஜன் என்னும் புரதம் என்பதால் கழுவிப் பிரிப்பது கடினம், பழுதுபார்த்த காலத்தின் கார்பன் கலந்து வயது குறையும். ஒரு மாதிரிக்குச் சில நூறு டாலர், சில வாரம் முதல் சில மாதம்.

ஆய்வகம் தரும் '±25' என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது நாட்காட்டி ஆண்டு அல்ல. மர வளையங்களைக் கொண்டு அமைத்த வளைகோட்டில் வைத்து மாற்றிய பிறகுதான் ஆண்டு கிடைக்கும். அந்தக் கோடு நேராக இறங்குவதில்லை. கார்பன் வயது 900 என்று வந்தால் விடை இரண்டாகப் பிளக்கும்: ஏறத்தாழ 1045–1105 ஒரு துண்டு, 1115–1220 இன்னொரு துண்டு. 600 என்று வந்தால் 1300–1370, அல்லது 1380–1410. அதாவது 1391 கலவரத்துக்கு முன்னா பின்னா என்று கேட்கவே முடியாது. ஐபீரியச் சுவடிக்கு எல்லோரும் கேட்க விரும்புவது அதைத்தான்.

பொலோனியா தோராச் சுருள், சரியான கேள்விக்குச் சரியான கருவி. இத்தாலியின் பொலோனியாப் பல்கலைக்கழக நூலகத்தில் 36 மீட்டர் நீளமுள்ள சுருள் ஒன்று இருந்தது. 1889 பட்டியலில் 17ஆம் நூற்றாண்டு என்று பதிவு. 2013இல் மவுரோ பெரானி மறுபடி பட்டியலிடும்போது, 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த விதிகள் பரவிய பிறகு எந்த எழுத்தரும் செய்யத் துணியாத அமைப்புகளை அதில் கண்டார்; எழுத்தும் பழைய கீழை நடை. ஒரு பக்கம் 17, மறுபக்கம் 12: ஐந்து நூற்றாண்டு இடைவெளி. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரண்டு ஆய்வகங்கள் சோதித்தன. விடை 1155க்கும் 1225க்கும் இடையில். சுருளைப் படிக்கத் தெரிந்த கண் முதலில் கேள்வியை எழுப்பாவிட்டால் சோதனைக்கே போயிருக்காது.

போலிக்கு எதிராக இந்தச் சோதனை பாதிக் காவல்தான். 1950களுக்குப் பிந்திய தோலை அணுகுண்டுச் சோதனைகளின் கார்பன் காட்டிக்கொடுத்துவிடும். பழைய புத்தகத்தின் எழுதாத ஏட்டை எடுத்து அதில் எழுதினால் ஒன்றும் தெரியாது.

மை, தணிக்கையாளர், கணினி

மை வயது சொல்லாது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அதை அழையுங்கள்: முடிவுக்குறிப்பும் பாடமும் ஒரே மையா? 940 நானோமீட்டர் விளக்குள்ள கையடக்க நுண்ணோக்கியில், கரி மை கறுப்பாகவே நிற்கும், மாசிக்காய் மை மங்கும், தாவரச் சாறு மட்டுமே உள்ள மை மறையும். இரண்டும் மாசிக்காய் மை என்றால் எக்ஸ்-கதிர் ஒளிர்வில் இரும்போடு சேர்ந்துள்ள துத்தநாகம், செம்பு விகிதத்தை ஒப்பிடலாம். துளி தோலும் போகாது.

இத்தாலி வழியாக வந்த சுவடியின் கடைசி ஏடுகளில் திருச்சபைத் தணிக்கையாளர் கையொப்பம் இருக்கிறதா பாருங்கள். 1553இல் ரோமில் யூதச் சட்டத் தொகுப்பான தல்மூதை எரித்த பிறகு வந்த கெடுபிடியில் இவர்கள் வேலை பெருகியது. டொமெனிகோ ஜெரோசொலிமிதானோ 1590களில் மந்துவாவில் ஒப்பமிட்டவர். அவர் கையொப்பம் இருந்தால் சுவடி அதற்கு முந்தியது, அந்தச் சமயத்தில் அந்த வட்டாரத்தில் இருந்தது. இதே வகையில் இடமே எல்லையாவதும் உண்டு: இங்கிலாந்தில் எழுதிய எபிரேயப் பத்திரம் 1290க்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

கணினி வழி எழுத்து வகைப்பாடு வளர்ந்துவருகிறது. ஆயிரக்கணக்கான கெனிசாத் துணுக்குகளை வட்டாரவாரியாகப் பிரிக்கவும், ஒரே ஏட்டின் பிரிந்த துண்டுகளைச் சேர்க்கவும் நன்றாகவே உதவும். ஒற்றைச் சுவடிக்கு ஆண்டு கேட்டால், அது கையை மட்டும் பார்த்துச் சொல்லும் விடைதான்; குடிபெயர்ந்தவர் சிக்கல் அப்படியே இருக்கும்.

எந்தச் சுவடிக்கு எந்த வரிசை

மேலைத் தாள் சுவடி: நீர்க்குறி, கட்டுமானம், கை. தோலும் தாளும் கலந்த கட்டு என்றால் (வெளி இணையும் உள் இணையும் தோல், நடுவே தாள்) அதிர்ஷ்டம். இரண்டு வழியும் திறந்திருக்கும். தோல் சுவடி: கட்டுமானம், கை, தணிக்கை, உரிமைக் குறிப்புகள், அவை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முரண்பட்டால் கார்பன். வேறு புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து உரித்த ஒற்றை ஏடு: கட்டு இல்லை, எண்ண முடியாது, தோல், கோடு, உள் ஓரத் துளை, கை. அட்டை போட்ட புத்தகத்தின் ஆண்டு கடைசி எல்லை. தோராச் சுருள்: கட்டும் இல்லை, முடிவுக்குறிப்பும் கூடாது, சதுர எழுத்து மட்டும், கார்பனுக்கு நியாயமான இடம் இதுதான். கெனிசாக் கடிதம்: உள்ளே வரும் ஆள் பெயரும் சமூகத் தலைவர் பெயரும் எந்தச் சோதனையையும் விடத் துல்லியம்.

பட்டியலில் எழுதும்போது ஒரு நூற்றாண்டு எண்ணை மட்டும் போட்டு விடாதீர்கள். 'இத்தாலி, செஃபாரதி அரைவிரைவு, சுமார் 1465–1475, இரட்டை நீர்க்குறி இரண்டும் பொருந்தியதால்' என்று எழுதுங்கள். அடிப்படை வேறானால் அதையும் அப்படியே சொல்லுங்கள்: '15ஆம் நூற்றாண்டின் பிற்பாதி; கையை மட்டும் வைத்து, கட்டுமானம் பார்க்கவில்லை, படத்திலிருந்து.' கடைசி மூன்று சொற்களை விட்டுவிட்டால், அடுத்தவர் நீங்கள் ஏட்டைத் தொட்டுப் பார்த்ததாக எடுத்துக்கொள்வார்.